சென்னைத் தெருமரங்களின் பருவங்களை ஓராண்டு முழுவதும் குறித்துவைப்பது எப்படி?

மந்தைவெளிவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மந்தைவெளியில் குடியிருக்கும் நான், எங்கள் தெருவிலும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களிலும் நிற்கும் மரங்களைக் கவனித்து, எந்த மரம் எப்போது இலையுதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது, எப்போது பூத்துக் காய்க்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவர விரும்புகிறேன். நான் தாவரவியல் படித்ததில்லை. வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி, மஞ்சள் பூவைத் தெரு முழுவதும் கொட்டும் பெருங்கொன்றை, நாட்டு வாதுமை, பூவரசு, மரமல்லி ஆகியவற்றையும், கோயில் பக்கத்து அரசமரத்தையும், ஒரு பள்ளியின் சுற்றுச்சுவருக்குள் நிற்கும் சரக்கொன்றையையும் அடையாளம் காணத் தெரியும், அவ்வளவே.

தொடங்குவதற்கு முன்பே சில ஐயங்கள் எழுந்துவிட்டன. எங்கள் தெருவில் உள்ள நாட்டு வாதுமை தை மாதத்தில் இலையெல்லாம் சிவந்து உதிர்த்தது. அதே மரம் ஆடி மாதத்தில் மறுபடியும் சிவந்து உதிர்த்தது. அப்படியானால் சென்னைக்கு இலையுதிர்காலம் என்று எதைச் சொல்வது? இரண்டாவதாக, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேம்பு பங்குனித் தொடக்கத்திலேயே பூத்துவிட்டது, ஆனால் அடுத்த தெரு வேம்பு சித்திரை பிறந்த பிறகுதான் பூத்தது. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை என்றிருக்க இந்த வேறுபாடு ஏன்? மூன்றாவது, பள்ளிச் சுவருக்குள் நிற்கும் சரக்கொன்றை சித்திரையில் பூத்தது போதாதென்று புரட்டாசியில் மறுபடியும் சில கிளைகளில் பூத்தது. பார்த்தவர்கள் எல்லாம் பருவநிலை மாற்றம் என்றார்கள். அது சரியா?

எத்தனை மரங்களை எடுத்துக்கொள்வது, எந்த மாதத்தில் தொடங்குவது, எவற்றை எழுதுவது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


தாம்பரம் பழைய ஆசிரியர்:

மந்தைவெளிவாசி அவர்களுக்கு வணக்கம். பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

முதலில் இலையுதிர்காலம் பற்றி. குளிர்நாடுகளில் பனி வருமுன் மரம் இலையை விடுகிறது. சென்னையில் சனவரி மாதத்து இரவு வெப்பம்கூடச் சராசரியாக 21 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிருக்கு எந்த மரமும் அஞ்ச வேண்டியதில்லை. இங்கே மரம் கணக்குப் பார்ப்பது நீரை. நம் ஊரின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மார்கழியில் மழை ஓய்ந்ததும் மேல்மண் காயத் தொடங்குகிறது, அதைத் தொடர்ந்து ஒவ்வொரு மரமும் தன் வேர் எட்டும் ஆழத்துக்கும் தன் இனத்தின் இயல்புக்கும் ஏற்ப, இலை வழியாக வீணாகும் நீரைக் குறைக்க முற்படுகிறது. எனவே சென்னையின் இலையுதிர்ப்பு ஒரே வாரத்தில் ஊரெங்கும் நிகழாது. தை முதல் பங்குனி வரை மரத்துக்கு மரம் முறைவைத்து நடக்கும். வாகை முந்திக்கொள்ளும். தையில் அது மொட்டையாகி, வைக்கோல் நிறக் காய்கள் மட்டும் காற்றில் சலசலத்துக்கொண்டிருக்கும். தூங்குமூஞ்சியும் நாட்டு வாதுமையும் அதை ஒட்டி வரும். மாசியில் அரசு, பிறகு புங்கையும் வேம்பும்.

நாட்டு வாதுமையின் இலை ஆண்டுக்கு இருமுறை சிவந்து உதிர்வது பல வெப்பமண்டலக் கடற்கரை ஊர்களில் காணப்படும் இயல்புதான். உதிர்வதற்கு முன் இலையில் உள்ள பயனுள்ள சத்துகளை மரம் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது, சிவப்பு நிறமி தெரிகிறது. ஆகவே தை உதிர்வையும் ஆடி உதிர்வையும் தனித்தனியே எழுதுங்கள். எது உண்மையான உதிர்வு என்று தேட வேண்டாம்.

உங்கள் குறிப்பேட்டில் மிகவும் கவனித்து எழுத வேண்டிய காலம் மாசி நடுவிலிருந்து சித்திரை முடிய என்பேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்: மழை நின்று இரண்டு மாதங்களுக்கு மேலாகி, வெயில் நாளுக்கு நாள் ஏறி, புல் காய்ந்து கிடக்கும் நேரத்தில்தான் நகரத்து மரங்கள் துளிர்க்கின்றன. புங்கை பழைய இலையை உதிர்த்துவிட்டு, சில நாள்களுக்குள் எண்ணெய் பூசியது போன்ற இளம்பச்சைத் துளிர்களால் மூடிக்கொள்ளும். அரசின் துளிர் செம்பு நிறத்தில் வரும். வேம்பின் கொழுந்தும் செந்நிறத்தில் தொடங்கிப் பச்சையாகும். மழை வந்த பிறகு துளிர்ப்பதுதானே முறை என்று மாணவர்கள் கேட்பார்கள். பழைய இலைகள் விழுந்ததும் நீரிழப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆழ்வேர் கொண்டுவரும் நீர் கிளைகளில் தங்கி, மொட்டுகள் விரியப் போதுமானதாகிறது. பகற்பொழுது நீளத் தொடங்குவதும் பல மரங்களுக்கு அடையாளக் குறி. சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு, ஆனால் அந்தச் சிறு மாற்றத்தையும் மரம் அறிந்துகொள்கிறது. மழையோடு இலை தின்னும் புழுக்கள் பெருகுமுன் இலையை முற்றவைத்துக்கொள்வது இதில் கிடைக்கும் ஆதாயம். மழை தொடங்கியதும் முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பூக்களும் இந்த வறண்ட மாதங்களில்தான் மிகுதி. மாசியில் கல்யாண முருங்கையும், அரிதாக எங்காவது நிற்கும் புரசும் இலையில்லாக் கிளையில் சிவக்கும். மைனா, காகம், கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் அங்கே கூடியிருக்கும். இலை மறைக்காததால் பறவைக்குத் தொலைவிலிருந்தே பூ தெரிகிறது. பங்குனியில் வேம்பு, இலுப்பை. சித்திரை, வைகாசியில் புங்கை, சரக்கொன்றை, பூமருது, மயில்கொன்றை, பெருங்கொன்றை என்று ஊரே நிறம் மாறும். ஆனி, ஆடியில் வேப்பம்பழமும் நாவற்பழமும் நடைபாதையில் நசுங்கிக் கிடக்கும். புரட்டாசியை ஒட்டிப் பெருங்கொன்றை இரண்டாம் முறை பூப்பதுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மரமல்லியும் ஏழிலைப்பாலையும் இரவில் மணக்கும். மார்கழி அமைதியான மாதம். மாமரத்தின் பூமொட்டைத் தேடலாம்.

இரண்டு வேம்புகள் பற்றிய கேள்விக்கு ஒரே விடை இல்லை. வேம்பு பெரும்பாலும் விதையிலிருந்து வளர்வதால் ஒவ்வொரு மரத்துக்கும் பிறவியிலேயே சிறு வேறுபாடு உண்டு. அதற்கு மேல், நகரத்தில் ஒவ்வொரு மரமும் ஒரு தனி நிலத்தில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். ஒன்றின் அடியில் கழிவுநீர்க் குழாய் கசியும். இன்னொன்றைச் சுற்றி அடிமரம் வரை சிமெண்டு பூசியிருப்பார்கள். ஒன்றுக்குப் பக்கத்துக் குடியிருப்பின் நிழல் பிற்பகல் முழுவதும் விழும். வேரடியில் ஈரம் குறையாத மரம் இலையை விட அவசரப்படாது. எனவே இரண்டு வேம்பையும் சேர்த்து வேம்பு என்று ஒரே வரியில் எழுதாமல், வாசல் வேம்பு, அடுத்த தெரு வேம்பு என்று தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

மர எண்ணிக்கையைப் பொறுத்தவரை, நீங்கள் அன்றாடம் கடந்துபோகும் வழியில் உள்ளவை மட்டும் போதும். இரண்டு வேம்பு, ஒரு புங்கை, ஒரு தூங்குமூஞ்சி, ஒரு பெருங்கொன்றை, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத ஒப்பீட்டுக்காக ஒரு பூவரசு, மழைக்காலத்தில் பக்கம் வெறுமையாகாமல் இருக்க அந்த மரமல்லி. சரக்கொன்றை சுவருக்குள் இருந்தாலும் தெருவிலிருந்து தெரியுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.


கோட்டூர்புரம் காலைநடை:

ஆசிரியர் ஐயா மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். எழுதும் முறை பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே இடத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் துளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, விரிந்த பூ, காய், கனி ஆகியவற்றுக்கு நேராக இல்லை, கொஞ்சம், நிறைய என்ற மூன்றில் ஒன்றை எழுதினால் போதும். நாடு முழுவதும் மரங்களைக் கவனிக்கும் தன்னார்வலர்களின் சீசன்வாட்ச் திட்டமும் இதைப் போன்ற முறையைத்தான் பின்பற்றுகிறது. விரும்பினால் உங்கள் மரங்களை அதில் பதிவு செய்துகொள்ளலாம். இதில் பலரும் தவறவிடுவது இல்லை என்பதை எழுதுவதுதான். பூ இருந்த நாளை மட்டும் எழுதுகிறவரின் குறிப்பேட்டிலிருந்து, பூ எப்போது தொடங்கியது என்பதை ஒருபோதும் சொல்ல முடியாது. சென்ற வாரம் பூ இல்லாமல் இருந்ததா, அல்லது அவர் பார்க்கவே இல்லையா என்ற ஐயம் நின்றுவிடும்.

பூத்தது என்று எதைச் சொல்வது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். டோக்கியோவில் யாசுகுனி கோயில் வளாகத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட செர்ரி மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்தால்தான் அந்நகரில் செர்ரி பூக்கத் தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவிக்கும். ஊரில் வேறெங்கே எத்தனை பூத்திருந்தாலும் கணக்கில் இல்லை. அதிகாரிகளின் பிடிவாதம் என்று தோன்றலாம், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிவது அந்தப் பிடிவாதத்தால்தான்.

இன்னொன்று, கிளை வெட்டு. மின்கம்பிக்காகவும் மழைக்கால முன்னெச்சரிக்கையாகவும் நம் தெருமரங்களின் கிளைகளைக் கழிக்கிறார்கள். கழித்த கிளையிலிருந்து சில வாரங்களில் துளிர் கிளம்பும்; அதைப் பருவத் துளிர் என்று எழுதிவிட்டால் பதிவு கெட்டுவிடும். கிளை வெட்டிய நாளையும், எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். புயலுக்கும் இதே விதிதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது விழாமல் தப்பிய மரங்களும் இலையை இழந்து நின்றன. அதற்குப் பின் அவை விட்ட துளிருக்கும் மாசித் துளிருக்கும் தொடர்பில்லை.

தெரு கூட்டும் தூய்மைப் பணியாளரிடமும், தூங்குமூஞ்சி நிழலில் வண்டி போட்டுத் துணி தேய்ப்பவரிடமும் பேசிப் பாருங்கள். எந்த மரம் எந்த வாரத்தில் அதிகம் உதிர்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அது வேலைச்சுமை.


முல்லைநிலத்தான்:

சரக்கொன்றை பற்றி மட்டும் எழுதுகிறேன். புரட்டாசியில் சில கிளைகளில் கொன்றை பூத்ததைப் பார்த்து உடனே பருவநிலை மாற்றம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. வெயிலில் காய்ந்திருந்த மரத்துக்கு ஆவணி, புரட்டாசியில் இடிமழை கிடைத்தால், புதிதாக வளர்ந்த கிளைநுனியில் சில பூங்கொத்துகள் வருவதுண்டு. முக்கியப் பூப்பு சித்திரை, வைகாசியில். இது உதிரிப் பூப்பு.

சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூ. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். முல்லைத்திணையில் தலைவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவத்துக்கு அடையாளமாக நிற்பதே கொன்றையின் பொன்னிறப் பூங்கொத்துதான். குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் கொன்றை பூத்துவிட்டதைக் கண்டு தலைவி கலங்குகிறாள். தோழியோ, இந்தக் கொன்றைகள் அறிவற்றவை, பருவமல்லாப் பருவத்தில் பெய்த மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டன என்கிறாள். பருவம் தவறிப் பெய்யும் மழைக்குக் கொன்றை பூக்கும் என்பது அன்றைக்கே கேட்பவர் ஏற்கக்கூடிய பேச்சாக இருந்திருக்கிறது. அப்படியிருக்க, இன்று பள்ளிச் சுவருக்குள் நாலு கொத்து பூத்ததற்கு உலக வெப்பத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.


எழும்பூர் மாடித்தோட்டம்:

முல்லைநிலத்தான் அவர்கள் சொன்ன பாட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தோழி சொல்வது ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் என்றே உரைகாரர்கள் கொள்கிறார்கள். கார் உண்மையாகவே வந்துவிட்டது, கொன்றை சரியாகத்தான் பூத்தது, தலைவன்தான் வரவில்லை. மரத்தை முட்டாளாக்கினால் தலைவியின் மனம் ஆறும் என்று தோழி நினைக்கிறாள். ஆகவே இந்தப் பாட்டை வைத்துக்கொண்டு, பருவம் தவறிய பூப்பு பழங்காலத்திலேயே சாதாரணம் என்று முடிவு கட்டுவது கடினம். கூடிப்போனால், அப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்ற அளவுக்கு அது அறிமுகமாக இருந்தது எனலாம். பாட்டில் வரும் நிலம் சென்னைக் கடற்கரையும் அன்று; தென்மேற்குப் பருவமழை பெறும் முல்லை நிலத்துக் கொன்றையும், ஐப்பசி மழையை நம்பிய நம் ஊர்க் கொன்றையும் ஒரே நாட்காட்டியைப் பின்பற்ற வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பருவநிலை மாற்றம் இல்லவே இல்லை என்று ஒதுக்குவதிலும் அவசரம் இருக்கிறது. கேரளத்தில் விஷு நாளன்று கணி காண்பதற்குக் கொன்றைப் பூ வேண்டும். ஏப்ரல் நடுவில் வரும் அந்த நாளுக்கு முன்பே கொன்றை பூத்து உதிர்ந்துவிடுகிறது என்ற பேச்சு அங்கே சில ஆண்டுகளாகவே இருக்கிறது. ஒரு பண்டிகை நாளோடு ஒரு பூவைக் கட்டிவைத்த ஊரில் மாற்றம் எளிதில் கண்ணில் படுகிறது. நம் பக்கத்தில் வேப்பம்பூவுக்கு அப்படியொரு நாள் உண்டு: சித்திரை முதல் நாள் பச்சடி. அன்று உங்கள் வாசல் வேம்பில் புதுப்பூ கிடைக்கிறதா, பூ முடிந்து பிஞ்சுதான் இருக்கிறதா என்பதை ஒவ்வோர் ஆண்டும் எழுதிவைத்தாலே அது பயனுள்ள தரவு. தமிழ் மாதம் சூரியனை வைத்துக் கணக்கிடப்படுவதால் அந்த நாள் ஏப்ரல் 14ஐ விட்டு அதிகம் நகராது, ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம்.

ஆனால் ஓராண்டுக் குறிப்பை வைத்துப் பருவநிலை பற்றி எதுவும் பேச முடியாது என்பதில் முல்லைநிலத்தான் அவர்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒரு மரம் ஓர் ஆண்டு முன்கூட்டிப் பூப்பதற்கு முந்தைய மழைக்காலம் பொய்த்ததே போதுமான காரணம். வெப்பமும் மழையும் பற்றிச் சென்னைக்கு மிக நீண்ட பதிவு இருக்கிறது. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் 1792இல் எழுந்தது, அந்த நூற்றாண்டு முடியுமுன்பே வானிலைக் குறிப்பெடுப்பும் தொடங்கிவிட்டது. அதற்கு இணையாக ஒரு தெருவின் மரங்களைத் தலைமுறைகளாகக் குறித்த ஏடு இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பழைய பூப்புக் காலங்களைத் தேட விரும்புகிறவர்களுக்கு உலர்தாவரத் தொகுப்புகள் ஒரு வழி. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறை காக்கும் தொகுப்பில் பழைய சென்னை மாகாணத்தில் சேகரித்த கிளைகள் பூவோடும் காயோடும் ஒட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் சேகரித்த நாளும் இடமும் எழுதும் மரபு உண்டு. நூறாண்டுக்கு முன் ஒரு கொன்றை எந்த மாதத்தில் பூவோடு இருந்தது என்பதற்கு அந்தத் தாள் நேரடிச் சான்று. பூக்காத மாதங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது என்பது அதன் குறை. கோட்டூர்புரத்துக்காரர் இல்லை என்பதை எழுதச் சொன்னதன் அருமை அங்கே தெரியும்.


முல்லைநிலத்தான்:

தோழியின் பேச்சைப் பொய் என்று கொண்டாலும், கேட்பவள் நம்பக்கூடிய பொய்யைத்தான் தோழி சொல்வாள். மற்றபடி நிலவேறுபாடு பற்றிய கருத்தை ஏற்கிறேன். விஷு பற்றிய பேச்சில், மழையளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன். சரக்கொன்றையின் புரட்டாசிப் பூவை எழுதும்போது அதற்கு முந்தைய வாரங்களின் மழையையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வானிலை மையம் நாள்தோறும் வெளியிடும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளில் உங்கள் பகுதிக்கு அருகில் உள்ளதை எடுத்துக்கொண்டால் போதும்.


மந்தைவெளிவாசி:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. நான் நினைத்திருந்ததைவிடக் குறைவான மரங்களையும் நினைத்திருந்ததைவிட அதிகமான விவரங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று புரிகிறது. இரண்டு வேம்புகளுக்கும் தனிப்பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

இன்னும் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. அரசமரத்தில் பூ என்ற பத்தியில் என்ன எழுதுவது? அதில் பூவையே நான் பார்த்ததில்லை. மரமல்லியின் பூ காலையில் கீழே கிடக்கும்போதுதான் தெரிகிறது. மரம் உயரமாக இருப்பதால் மேலே விரிந்திருப்பது கண்ணுக்குப் படுவதில்லை. உதிர்ந்ததை வைத்துப் பூத்தது என்று எழுதலாமா? மூன்றாவது, அடுத்த தெரு வேம்பில் இப்போது, ஐப்பசியில், கிளைநுனிகள் பழுப்பாகிக் காய்ந்து தொங்குகின்றன. இதை இலையுதிர்ப்பில் சேர்ப்பதா?


தாம்பரம் பழைய ஆசிரியர்:

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது இலையுதிர்ப்பு அன்று. வேம்பு இயல்பாக உதிர்க்கும்போது இலை மஞ்சளாகிக் காம்போடு கழன்று விழும். நீங்கள் சொல்வதில் இலை கிளையிலேயே காய்ந்து தொங்குகிறது. மழைக்காலத்தில் வேப்பங்கிளையின் நுனி கருகுவது அண்மைய ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பல இடங்களில் காணப்படுகிறது. பூஞ்சையால் வரும் நுனிக்கருகல் நோயும், கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பொதுவாக மரம் பட்டுப்போவதில்லை. வெயில் ஏறும்போது மறுபடியும் துளிர்த்துவிடும். ஆனால் கருகிய நுனிகள் பங்குனியில் பூக்க மாட்டா. ஆகையால் இதை நோய் என்ற தனிக்குறிப்பாக எழுதிவையுங்கள். அந்த மரம் சித்திரையில் பிந்திப் பூத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதை அடுத்த ஆண்டுதான் பார்க்க வேண்டும்; சென்ற ஐப்பசியிலும் இப்படிக் கருகியதா என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டுப் பாருங்கள்.

அரசைப் பற்றி. அத்தி பூத்தாற்போல என்கிறோமே, அந்தக் குடும்பம்தான் அரசும் ஆலும். சிறு உருண்டைக் காய் போலத் தெரிவதன் உட்சுவரில்தான் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் உரிய நுண்குளவி காயின் வாயிலுள்ள துளை வழியே உள்ளே நுழைந்து மகரந்தச் சேர்க்கை செய்கிறது. நமக்கு வெளியே பூ என்று எதுவும் தெரியாது. எனவே அரசுக்குப் பூப் பத்தியை விட்டுவிட்டு, இளங்காய், கருஞ்சிவப்பாகப் பழுத்த காய் என்று இரண்டை மட்டும் எழுதுங்கள். பழுத்துவிட்டதா என்று தெரியவில்லை என்றால் பறவைகளைப் பாருங்கள். குயிலும் மைனாவும் காலை முழுவதும் அந்த மரத்தை விட்டு நகரவில்லை என்றால் பழுத்துவிட்டது. கோயில் அரசுக்கும் வேறோர் அரசுக்கும் ஒரே வாரத்தில் காய் வராததைக் கண்டு குழம்ப வேண்டாம். மரங்கள் வெவ்வேறு நாள்களில் காய்ப்பதால்தான் குறுகிய ஆயுள் கொண்ட அந்தக் குளவிக்கு ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு மரத்தில் இடம் கிடைக்கிறது.

மரமல்லிக்கு நிலத்தைப் பார்த்து எழுதுவதில் தவறில்லை, ஆனால் எழுதும்போது உதிர்ந்த பூ என்றே எழுத வேண்டும். அது இரவில் விரிந்து, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்காக மணம் பரப்பி, விடியலில் கொட்டிவிடுவது. தெரு கூட்டுமுன் பார்த்தால்தான் கணக்குச் சரியாக இருக்கும். மழை நாளில் பூவோடு மொட்டும் சேர்ந்து விழும்; விரியாத மொட்டு நிறைய கிடந்தால் அதை மழை என்ற குறிப்போடு எழுதுங்கள்.

பூவரசுக்கும் பார்க்கும் நேரம் முக்கியம். காலையில் விரியும்போது மஞ்சளாக இருக்கும் பூ, மாலைக்குள் செந்நிறமாக வாடுகிறது. காலையில் பார்த்தவரும் மாலையில் பார்த்தவரும் ஒரே மரத்தைப் பற்றி வேறுவேறாக எழுதிவிடுவார்கள். உங்கள் வாராந்திரப் பார்வையைக் காலையில் வைத்துக்கொண்டால் இரண்டு மரத்துக்கும் பொருந்தும்.


கோட்டூர்புரம் காலைநடை:

எந்த மாதத்தில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. தை பிறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். மரமல்லி இப்போதுதான் பூக்கிறது, பெருங்கொன்றையில் இரண்டாம் பூப்பின் காய்கள் இருக்கக்கூடும், புங்கையில் சித்திரைப் பூவிலிருந்து வந்த காய் இன்னும் முற்றாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அது பழுப்பாக அடுத்த மாசி, பங்குனி ஆகும். மழைக்காலத்தில் இலை நிறைந்திருக்கும் மரத்தைச் சில வாரங்கள் பார்த்துப் பழகினால்தான், தையில் அது மெலியத் தொடங்கும் வாரத்தைக் கண் பிடிக்கும். மழை கடுமையாக இருக்கும் நாள்களில் மட்டும் தூங்குமூஞ்சியின் கீழே நிற்காதீர்கள். அதன் கிளை ஈரத்தில் கனத்து முறியும். எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தாலே போதும்.